குத்திப் பார்த்த கயிறு

நாற்பத்தேழு வயதில், சர்க்கரை வருமா வராதா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், உறைந்துபோன அருவி மேல் ஏறப்போவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். சொன்னது ஸ்ரீரங்கத்தில் எங்கள் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டு. பனி என்றால் அப்போது எனக்குத் தெரிந்தது ஃப்ரீசரில் கட்டிக்கொள்வதைக் கரண்டிக் காம்பால் பெயர்த்துப் போடுகிற பனி ஒன்றுதான்.

அவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். சாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு இமாசலப் பக்கம் மலை நடைக்குப் போய்வந்தார். போன குளிர்காலத்தில், "பனியில கொஞ்சம் பயிற்சி" என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் போனார். திரும்பி வந்தபின் அவர் போனில் ஒரு படத்தைப் பார்த்தேன். செங்குத்தான வெள்ளைச் சுவரில், இரண்டு கையிலும் கோடாரியோடு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு ஆசாமி ஒட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த அந்த மீசை எனக்குத் தெரியாதா? அவர் "கொஞ்சம்" என்று எதைச் சொன்னாலும் நம்புவதை அன்றோடு விட்டேன்.

இந்த முறை பொங்கல் முடிந்து இமாசலத்தில் இருக்கும் ஸ்பிதிக்குப் போவதாகத் திட்டம். அதே மூன்று பேர், உள்ளூர் வழிகாட்டி ஒருவர். கோடாரி, காலில் மாட்டும் முள்தட்டு, பனியில் முடுக்கும் திருகாணி, கயிறு எல்லாம் சொந்தமாக வேண்டும் என்றார்.

"வாடகைக்குக் கிடைக்காதாங்க?"

"கிடைக்கும். அதுல எத்தனை பேர் விழுந்திருக்காங்கன்னு யார் சொல்லுவா? நீ பார்த்து வாங்கிக் குடு."

"நானா? எனக்கு அதுல என்னங்க தெரியும்?"

"உனக்குச் சந்தேகப்படத் தெரியும். அது போதும்."

அது பாராட்டா நக்கலா என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் வேலையை வாங்கிக்கொண்டேன். அவர் எடை எண்பத்திரண்டு கிலோ. பனியில் பிடி தவறினால் அந்த எண்பத்திரண்டு கிலோவும் எங்கள் இருபது வருடக் குடித்தனமும் ஒரு விரல் தடிமன் கயிற்றில் தொங்கும். போகாதே என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. கேட்கிறவர் இல்லை. அப்படியென்றால் அந்தக் கயிற்றை நான் பார்த்து வாங்குவதுதான் நல்லது என்று தோன்றியது.

சந்தேகம் எங்கள் குடும்பத் தொழில். மண்ணச்சநல்லூரில் எங்களுக்கு அரிசி மில் இருக்கிறது. நெல் கொள்முதல் என் பொறுப்பு. தினமும் காலையில் கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்கூட்டரில் போகிறேன். லாரி வந்து நின்றதும் விலை பேசுவதற்கு முன்னால் குத்தூசியைக் கையில் எடுப்போம். ஒரு முழ நீளக் கம்பி, முனை கூர், நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம். மூட்டைக்குள் குத்தி உருவினால் உள்ளே இருக்கும் நெல் அந்தப் பள்ளத்தில் வந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் சோற்றுக்குச் சரி. நெல் மூட்டைக்கு மூன்று குத்து: வாய், நடு, அடி. வாய்ப்பக்கம் மணிமணியாகக் காய்ந்த நெல்லைப் போட்டு, நடுவில் ஈரத்தையும் பதரையும் அடைத்துக்கொண்டு வந்து, "உங்க மில்லுன்னுதாங்க நேரா இங்க வந்தோம்" என்று சிரிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குத்திய இடத்தை ஊசி முனையால் இரண்டு தேய் தேய்த்தால் சணல் இழை கூடிக்கொண்டு ஓட்டை மூடிவிடும். மூட்டைக்கு ஒரு சேதமும் இல்லை.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். வெளுத்ததெல்லாம் பால். தராசு முள்ளைப் பார்க்காமல் காய்கறி வாங்குவார். மீட்டர் ரிப்பேர் என்று ஆட்டோக்காரர் சொன்னால், "அடடா, எப்ப கெட்டுச்சு?" என்று அக்கறையாக விசாரிப்பார். இருபது வருடத்தில் ஒருவரைக்கூட, பொய் சொல்கிறீர்கள் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்குத் தேவையான சந்தேகத்தை எல்லாம் நான் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் கோடாரி. என்னைக் கேட்காமலேயே ஆன்லைனில் ஒரு ஜோடி தருவித்துவிட்டார். அட்டைப்பெட்டி பிரமாதம். உள்ளே இருந்த கோடாரி அதைவிடப் பிரமாதம், ஆரஞ்சு நிறப் பிடி, வளைந்த தண்டு, கிளிமூக்கு மாதிரி அலகு. எனக்கு அந்தப் பளபளப்புத்தான் உறுத்தியது. அலகில் பொறித்திருந்த எழுத்துகளில் ஒன்று மற்றவற்றைவிட அரைக்கால் அங்குலம் கீழே இறங்கியிருந்தது. வெளிநாட்டில் செய்கிறவன் எழுத்தைக்கூட நேராகப் பொறிக்க மாட்டானா? இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அரியமங்கலம் போனேன்.

அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர்தான் பதினைந்து வருடமாக எங்கள் மில்லுக்கு ஷாஃப்ட் கடைந்து தருகிறார். கோடாரியை இடுக்கியில் பிடித்து, அலகின் மேல் அரத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். அரம் கடித்துக்கொண்டு போனது. இரும்புத்தூள் கொட்டியது.

"வெறும் எம்.எஸ்.ங்க மேடம், சாதா இரும்பு. கெட்டி பண்ணவே இல்ல. கல்லுல நாலு தட்டு தட்டினா மூக்கு மடங்கிடும். எதுக்கு வாங்கினீங்க, தேங்கா உரிக்கவா?"

"எங்க வீட்டுக்காரர் இதைப் பனியில குத்தித் தொங்கப் போறாருங்க."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அரத்தை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "வேணாங்க. திருப்பி அனுப்பிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவர், "பாவம், விக்கிறவனுக்கே தெரியாம இருக்கும்" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோடாரியாலேயே ஏதாவது செய்திருப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. என் சந்தேகம் ஒரு கிளிமூக்கைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு எந்தப் பொருளும் என் கையைத் தாண்டி அவர் பைக்குள் போகவில்லை.

அடுத்த ஜோடி, அவரோடு ஏறப்போகும் நண்பருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் மணாலிக் கடை ஒன்றிலிருந்து வந்தது. பார்க்க அழுக்குக் கறுப்பு. அரியமங்கலத்தில் அரம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. "இது சரக்குங்க" என்றார் பட்டறைக்காரர். முனையைக் கூர்மையாக்கித் தரச் சொன்னேன். கிரைண்டரில் வைக்க மாட்டேன், சூடேறி நீலம் பூத்தால் கெட்டித்தனம் போய்விடும், கை அரத்தால்தான் ராவ வேண்டும் என்றார். நல்ல மனிதர். அவரையும் நம்பாமல், அவர் ராவி முடிக்கிறவரை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்டியாக இருந்தால் போதுமா, பனியில் நிற்க வேண்டாமா? திருச்சியில் பனிக்கு எங்கே போவது? மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடும் ஃபேக்டரிக்குப் போய் நாலு பார் கேட்டேன். "மீனுக்கா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "ஏறிப் பார்க்கங்க" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்களை எடுத்து வைக்கச் சொன்னார். மில்லில் இருந்து கொண்டுபோன உமியைத் தூவி, சாக்கில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

பகல் பதினொரு மணி வெயிலில் கைலியும் ஹெல்மெட்டுமாக நின்று என் வீட்டுக்காரர் ஐஸ் பாரைக் கோடாரியால் கொத்தினார். முதல் பார் இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதில் அலகு இறங்கி நின்றது. நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், வரவில்லை. பிறகு திருகாணிகளை முடுக்கினார். உள்ளே குழலாக இருக்கும் அந்தத் திருகாணியைச் சுற்றச் சுற்ற, முறுக்கு அச்சிலிருந்து மாவு வருகிற மாதிரி பின்பக்கமாக ஐஸ் குச்சி வெளியே வந்தது. எட்டில் ஒன்று மட்டும் பாதியில் சிக்கியது. பிடி சரியில்லை என்று அவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டார். நான் அதைத் தனியே எடுத்து வைத்து, இன்னும் மூன்று முறை முடுக்கச் சொல்லி, மூன்று முறையும் சிக்கியபின் திருப்பி அனுப்பினேன். அதற்குள் கீழ்வீட்டுக்காரர், பால்கனியில் தண்ணீர் கொட்டுகிறது, டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க மேலே வந்துவிட்டார். ஐஸையும் கைலியையும் ஹெல்மெட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கடைசியாகக் கயிறு. கயிறு எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மில்லில் மூட்டை தூக்கும் கயிறு இழுத்தால் நீளக் கூடாது, நீளும் கயிற்றைக் கடைக்காரர் முகத்திலேயே எறிந்திருக்கிறேன். இவரோ, நீள்கிற கயிறுதான் வேண்டும் என்றார்.

"விழும்போது கயிறு கொஞ்சம் நீண்டு குடுத்தாத்தான் ஆள் பொழைப்பான். நீளலைன்னா கயிறு நிக்கும், இடுப்பு முறிஞ்சிடும்."

தண்ணீர் உறிஞ்சாத மாதிரி அதற்குப் பூச்சும் வேண்டுமாம். இல்லாவிட்டால் பனியில் நனைந்து உறைந்து கம்பியாகிவிடுமாம். சரி என்றேன். இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதி. ஆனால் அந்தக் கயிறு இரண்டு அடுக்கு என்று தெரிந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வெளியே பின்னிய உறை, கலர் கலராக. பாரம் தாங்குவதோ உள்ளே, கண்ணுக்குத் தெரியாத வெள்ளை இழைகள். வாய்ப்பக்கத்தைக் காட்டி மூட்டையை விற்கிற அதே கதை.

கயிறு விற்க ஒரு பெண் வந்தார். மலையேறுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என் வீட்டுக்காரர் பிடித்த ஆள். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். அறுபது மீட்டர் கயிறு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி வந்தது, பிரிக்கவே இல்லை என்று போனில் சொல்லியிருந்தார். மார்கழி பிறந்த வாரம், பெருமாளைச் சேவிக்க அம்மாவோடு ஸ்ரீரங்கம் வந்தவர், அம்மாவைக் கோயிலில் உட்கார வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் கயிற்றோடு வந்தார். லேசாக நொண்டினார்.

காபி கொடுத்துவிட்டு நான் எதிரே உட்கார்ந்தேன்.

"புதுக் கயிற எதுக்கு விக்கிறீங்க?"

"வண்டியில போய் விழுந்துட்டேங்க்கா. முட்டியில ஆபரேஷன். இனிமே ஏற முடியாதுன்னுட்டாங்க. இதை வீட்ல பார்த்துட்டே இருந்தா அழுகை வருது."

அழுகை வருது என்று சொல்லி விற்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பில் எங்கே என்றேன், கொடுத்தார். சீட்டில் இருக்கும் நம்பரும் கயிற்று நுனியில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்தேன், ஒன்றுதான். எங்கே வைத்திருந்தீர்கள், வெயில் படுமா, எலி உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பொறுமையாகப் பதில் சொல்கிறாரே என்று அதுவும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"உள்ள இருக்கற இழை நல்லா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அதை யாராலயும் பார்க்க முடியாதுங்க்கா. உறையைத்தான் பார்க்கலாம். மத்தபடி நம்பித்தான் ஏறணும்."

என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே கயிற்றை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் கிளம்பியதும் நான் பால்கனிக்குப் போய், தெருவில் இறங்கி நடக்கும்போதும் அவர் நொண்டுகிறாரா என்று பார்த்தேன். நொண்டினார். அதே கால்தான். அப்படியும் எனக்குத் திருப்தி இல்லை.

நம்பித்தான் ஏறணும். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மில்லில் நெல் பிடிக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு மூட்டை நெல்லுக்கு மூன்று குத்துக் குத்துகிறவள், புருஷன் தொங்கப்போகும் கயிற்றை உறையைப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை பகலில், அவர் கல்லூரிக்குப் போயிருந்தபோது, மில்லில் இருந்து கோணி ஊசி ஒன்று எடுத்து வந்தேன். குத்தூசி அந்தக் கயிற்றுக்குப் பெரிது. சாக்குத் தைக்கும் இந்த ஊசி பட்டை முனையோடு வாகாக இருந்தது. கயிற்றைக் கூடத்தில் விரித்துப்போட்டு வழக்கம்போல மூன்று இடம் பார்த்தேன். ஒரு நுனியிலிருந்து, இரண்டு கையையும் விரித்து அளந்து, நாலு பாகம் தள்ளி ஒன்று. மறுநுனியிலிருந்து அதே அளவு தள்ளி ஒன்று. மூன்றாவது, சரியாக நடுவில். கயிற்றின் நடு எது என்று தெரிவதற்காகக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். அதை ஒட்டியே குத்தினேன். எதையாவது மறைப்பவன் அடையாளம் போட்ட இடத்தில்தான் மறைப்பான் என்பது என் அனுபவம்.

உறையின் பின்னலை விலக்கி, ஊசியை உள்ளே விட்டு நெம்பி, வெள்ளை இழையில் ஒரு கொத்தை வெளியே இழுத்து பிளேடால் நறுக்கி எடுத்தேன். மூன்று இடத்திலும். விரலில் தேய்த்துப் பார்த்தேன். தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். சாம்பலாகாமல் உருகி மணி கட்டியது. மூன்றும் ஒரே வெள்ளை, ஒரே வாசனை. சரக்கு சுத்தம். பிறகு ஊசி முனையால் உறையைத் தேய்த்துவிட்டேன். பின்னல் கூடிக்கொண்டது, குத்திய இடமே தெரியவில்லை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு, பல வாரத்துக்குப் பிறகு, மத்தியானமே படுத்து நன்றாகத் தூங்கினேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நண்பர் போனில் கயிறு சோதிக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். அடி அடியாக விரலுக்கு நடுவே விட்டு அமுக்கிப் பார்க்க வேண்டும், வளைத்துப் பார்க்க வேண்டும், உள்ளே இழை அறுந்திருந்தால் அந்த இடம் சப்பையாக மடியும். இவர் பாடம் படிக்கிற மாதிரி கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வா" என்றார். குரல் சரியில்லை.

கயிற்றை இரண்டு விரலில் வளைத்துக் காட்டினார். மற்ற இடமெல்லாம் உருண்டையாக வளைந்தது, அந்த இடம் காகிதம் மாதிரி மடிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுநுனிப் பக்கமும் ஒன்றைக் கண்டுபிடித்தார். சணல் மூட்டை இல்லை இது, தேய்த்தால் ஆறிவிடாது என்று அந்த நொடிதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

"உள்ள அறுந்திருக்கும்மா. ரெண்டு இடத்துல."

"சார், அந்தக் கயிற நான் பிரிச்சதே இல்ல சார்."

"பொய் சொல்லாதீங்க. உங்கள நம்பி வாங்கினேன்."

இருபது வருடத்தில் முதல் தடவை. அதுவும் யாரிடம்! ஸ்பீக்கரில் அந்தப் பெண், "பணத்தை இன்னைக்கே திருப்பி அனுப்பிடறேன் சார். ஆனா தயவுசெஞ்சு அந்தக் கயித்துல யாரும் ஏறாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நான் புளித் தண்ணீர்க் கையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். ஊரார் மூட்டையை எல்லாம் குத்திப் பார்க்கிறவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. இன்னொரு காரணம் அதைவிடக் கேவலம். கயிறு போனால் பயணமும் போகும், இவர் வீட்டில் பத்திரமாக இருப்பார் என்று ஒரு எண்ணம் வந்தது. அது வந்ததை நான் மறைக்க மாட்டேன். அந்தப் பெண்ணின் பேரில் ஒரு பொய் இருந்துவிட்டுப் போகட்டும், என் தாலி நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அப்படியே போயின.

திங்கட்கிழமை சாயங்காலம் மில்லில் இருந்து வந்தால், கூடத்தில் கயிற்றை நீட்டிப் போட்டுக் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"கெட்டது ரெண்டும் நுனிப் பக்கம்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துட்டா நடுவுல நாற்பது மீட்டருக்கு மேல நல்ல கயிறு. நாங்க ஏறப்போறது சின்ன அருவிதான், அது போதும்னு தோணுது. புதுசு தேடி அலையவும் வேண்டாம்."

"நடுவுல பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நடுவுல ஒண்ணும் இல்ல. மை பூசின இடம் கொஞ்சம் விறைப்பா இருக்கு, அவ்வளவுதான்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தேன். அந்த மையின் விறைப்புக்குள் என் மூன்றாவது குத்து ஒளிந்துகொண்டிருந்தது. கெட்டதை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, நான் அறுத்த இடத்தைச் சரியாக நடுவில் வைத்து, இவர் ஏறப்போகிறார்.

"அந்தப் பொண்ணு இல்லங்க. நான்தான் குத்தினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்னு தோணிச்சு. கோணி ஊசியால குத்தி இழை எடுத்துப் பார்த்தேன்."

"எத்தனை இடத்துல?"

"மூணு."

"நான் ரெண்டுதான் கண்டுபிடிச்சேன்" என்றார்.

நான் நகர்ந்துபோய் மை பூசிய இடத்தை எடுத்து வளைத்துக் காட்டினேன். அழுத்தி வளைத்தால் அதுவும் மடிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை மடக்கிக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என்னோடு சண்டை போட அவருக்கு வராது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "அந்தப் பொண்ணுக்கு நீயே போன் பண்ணு" என்றார்.

பண்ணினேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அனுப்பிய பணம் அவருக்கே திரும்ப வந்துவிடும் என்றேன், மன்னிப்பும் கேட்டேன். இவரும் போனை வாங்கி, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். அந்தப் பெண் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"உங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சேங்க்கா. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்" என்றார். பிறகு, "அந்தக் கயித்தைத் துண்டு துண்டா வெட்டிடுங்க. முழுசாக் கிடந்தா யாராவது எடுத்து எதுக்காவது கட்டிடுவாங்க" என்றார்.

அன்றைக்கே அறுபது மீட்டரையும் ஒரு முழம் ஒரு முழமாக நானே வெட்டினேன். உறை சுலபத்தில் அறுபடவில்லை. அத்தனை நல்ல கயிறு. வெட்டி முடித்தபோது விரலில் கொப்புளம் வந்திருந்தது. இவர் உதவிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பயணம் நிற்கவில்லை. புதுக் கயிறு சென்னையில் இருந்து கூரியரில் வந்தது என்று அவர் நண்பரின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டு முகவரி கொடுக்காமல் கல்லூரி முகவரி கொடுத்திருக்கிறார். லேபில் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். இதை அவரிடம் கேட்டேன். "இங்க இடம் இல்லையேன்னுதான்" என்றார். கட்டிலுக்கு அடியில் இருந்த இடம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், காது சிவந்துவிட்டது.

புறப்படுகிற அன்று காலை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இருந்து சென்னை ரயில். மாடவீதிகளில் பொங்கல் கோலங்கள் இன்னும் அழியவில்லை. பிளாட்பாரத்தில் சூட்கேஸ், கோடாரிகள் இருந்த நீளப் பை, கயிறு இருந்த நீலப் பை மூன்றையும் இறக்கி வைத்தோம். தோசைப் பொட்டலம், மாத்திரை டப்பா, காதை மூடும் குல்லாய் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். குளிரில் வெறும் தண்ணீர் குடிக்காதீங்க, தினமும் ஒரு மெசேஜ் போடுங்க என்றேன். சரி சரி என்றார். பழைய மாதிரி பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு, பர்ஸை என் கையில் கொடுத்தார். போனைக் கொடுத்தார். டிக்கெட்டும் அதில்தான் இருந்தது. சூட்கேஸைப் பார்த்துக்கொள் என்றார். பிறகு ஒரு நொடி தயங்கி, குனிந்து, நீலப் பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார்.

யாரையும் சந்தேகப்படாதவர். அவருக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் கடைக்கு முப்பது அடி இருக்கும். அறுபது மீட்டர் கயிற்றின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகையோடு அழுகையாக எனக்கு ஒன்று தோன்றியது. பெண்டாட்டியிடம்கூடக் கயிற்றை விட்டுவிட்டுப் போகாத ஆள் இப்படியேதான் பனியிலும் இருப்பான், இருந்தால் திரும்பி வந்துவிடுவான். அவர் பாட்டிலோடு வந்தார். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுக் குடித்தார். நான் அந்தப் பையைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டேன்.